முதல் பூ கணக்கில் இல்லை

வெள்ளிக்கிழமைக்குள் உலகத்துக்கு ஓர் உண்மையை நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மகாதேவியை ஆயக்குடிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான்.

பழனிக்குமாரின் நிலைமை அந்த வாரம் இதுதான்.

நிரூபிக்க வேண்டிய உண்மை: நாளை நடக்கப்போவது மனிதனுக்கு இன்றைக்கே உள்ளுக்குள் தெரியும். கொத்திக்கொண்டு போகக் காத்திருந்தவன்: குமாரவேல். ஆயக்குடியில் கொய்யா மண்டி வைத்திருப்பவரின் ஒரே வாரிசு. சொந்தமாக டாடா சுமோ. அதன் பின்கண்ணாடியில் வேல், மயில், அவன் பெயர் மூன்றும் ஒரே அளவில் எழுதியிருக்கும்.

பழனிக்குமார் வீட்டுப் பூம்பாறைப் பூண்டுக்கும் ஆயக்குடிக் கொய்யாவுக்கும் நடுவே இப்படி ஓர் உலக உண்மையைக் கொண்டுவந்து நிறுத்தியவர் மகாதேவியின் அப்பா வேலப்பன். பழனிக்குமாருக்குத் தாய்மாமன்.

"ஏலே பழனி, முறைன்னு பாத்தா ஒனக்குத்தான் பொண்ணு. யாரு இல்லேன்னா? ஆனா பூண்ட நம்பிப் பொண்ணக் குடுக்க முடியுமாடா? மழை பேஞ்சா அழுகுது. பேயாட்டிக் காயுது. ரெண்டும் சரியா இருந்தா வெல இல்லேங்குறான். மாசம் பொறந்தாச் சம்பளம் வரணும். அந்த ஆராய்ச்சிச் சோலி பெர்மனெண்ட் ஆச்சுன்னு வந்து சொல்லு, வெள்ளிக்கெழம மாரியாத்தா கோயில்ல பூ கேட்டு முடிச்சிரலாம். இல்லையா, ஆயக்குடிக்குத் தாக்கல் சொல்லிருவேன்."

பக்கத்தில் நின்றிருந்த மகாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஹோம்மேட் சாக்லேட் கடையில் வேலை அவளுக்கு. நாள் பூராவும் இனிப்பு விற்றும் நாக்கில் காரம் குறையாதவள்.

"எதிர்காலம் தெரியுற எடத்துலதான மச்சான் வேல பாக்குற? நான் யாரக் கட்டுவேன்னு ஒன் கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லேன்."

"அதுல அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது."

"பெறகு எப்பிடிக் கேக்கணும்?"

"ரெண்டு தெர இருக்கும். எடதா வலதான்னு தொடணும்."

"அப்ப நான் எடதா, வலதா?"

பழனிக்குமாருக்குப் பதில் தெரியவில்லை. முன்னுணர்வு ஆராய்ச்சி மையத்தின் ஒரே ஊழியனுக்கு அது கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அந்த மையம் வட்டக்கானலுக்கு இறங்கும் சரிவில், பைன் மரங்களுக்கு நடுவே, கூரை ஒழுகும் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. இயக்குநர் டாக்டர் சுவாமிநாதன். பலகையில் 'டாக்டர்' என்று கண்டு, இருமலோடும் முட்டிவலியோடும் வந்து நின்றவர்கள் ஆரம்பத்தில் அநேகம். அவர் வாங்கிய பட்டமோ மின்பொறியியலில். ஒருநாள் சென்னையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார். அந்த பஸ் போய் மரத்தில் மோதியது. 'நான் ஏன் தவறவிட்டேன்?' என்ற கேள்வியை அன்றைக்குப் பிடித்தவர், இன்னும் விடவில்லை. அதற்கு முன் அவர் தவறவிட்ட நூற்றுக்கணக்கான பஸ்கள் எதிலும் மோதாமல் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தனவே, அது ஏன் என்று மட்டும் அவர் கேட்டதில்லை.

ஐரோப்பாவில் எங்கேயோ செத்துப்போன ஒரு சீமாட்டி, தன் சொத்து முழுவதையும் இதே கேள்விக்கு எழுதி வைத்திருந்தாள். அந்தச் சொத்தில் அமைந்த அறக்கட்டளையின் காசில்தான் மையம் நடந்தது.

சோதனை எளிமையானது. கணினியில் இரண்டு திரைச்சீலைகள் தெரியும். இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்றுக்குப் பின்னால் ஒரு படம் வரும். இன்னொன்றுக்குப் பின்னால் வெறும் சுவர். படம் எங்கே வரும் என்று ஊகித்து, வந்தவர் ஒரு பக்கத்தைத் தொட வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், தொடுகிற நேரத்தில் படம் எந்தப் பக்கமும் இல்லை. தொட்ட பிறகுதான் கணினி தனக்குள் சீட்டுக் குலுக்கி, படத்தை ஒரு பக்கம் வைக்கும். குத்துமதிப்பாகத் தொட்டால் நூற்றுக்கு ஐம்பது சரியாக வரும். தொடர்ந்து ஐம்பதைத் தாண்டினால்? இன்னும் நடக்காத ஒன்று மனிதனுக்குத் தெரிகிறது என்று அர்த்தம்.

"ஐம்பத்திரண்டு போதும் பழனி," என்பார் சுவாமிநாதன், கண்கள் மின்ன. "ஸ்டெடியா ஐம்பத்திரண்டு வந்தாப் போதும், ஸ்டாக்ஹோம்ல நோபல் மேடையில எனக்கு நாற்காலி போட்டுடுவான்."

முதலில் அவர் உட்கார வைத்தது, வட்டக்கானலில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை. மலையில் முளைக்கும் ஒருவகைக் காளானின் தயவில் அவர்கள் ஏற்கெனவே எதிர்காலத்தில்தான் குடியிருந்தார்கள். ஒருவன் இரண்டு திரைச்சீலைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நூற்றுக்கு நாற்பத்தொன்பது.

அடுத்து, கூலி வேலைக்குப் போகும் உள்ளூர்ப் பெண்கள். படம்: ரோஜாப்பூ. நூற்றுக்கு ஐம்பது.

"ரோசாப்பூவ எதுக்குங்கய்யா தேடிக் கண்டுபிடிக்கணும்? நாங்க பறிச்சுப் போட்ட கூடையிலதான கெடக்கு," என்று ஒரு பெண் நியாயம் கேட்டாள்.

வெளிநாட்டில் இந்த இடத்தில் என்ன மாதிரிப் படம் வைக்கிறார்கள் என்று சுவாமிநாதன் படித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தார். கொடைக்கானலில் அதை வைத்தால் மையத்துக்கு ஒழுகுவதற்குக்கூடக் கூரை மிஞ்சாது. ஆகவே தங்க ஆரம், மட்டன் பிரியாணி, மாடி வீடு என்று குடும்பத்துக்கு ஏற்ற ஆசைகளாகப் பார்த்துப் படம் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பழனிக்குமார் வேலைக்குச் சேர்ந்தான். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன். சோதனை நடத்துவதை முழுசாக அவனிடம் விட்டுவிட்டு, சுவாமிநாதன் ஸ்டாக்ஹோமில் பேச வேண்டிய உரையை எழுத மாடிக்குப் போய்விட்டார்.

அதிசயம் ஆரம்பித்தது. ஐம்பத்தேழு. அறுபது. அறுபத்து நான்கு!

பழனிக்குமார் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூம்பாறையில் பிறந்து வளர்ந்தவன் எவனும் செய்யக்கூடியதைத்தான் அவனும் செய்தான்.

அவன் ஊரில் கல்யாணமோ, கிணறோ, காடு வாங்குவதோ, எதற்கும் முதலில் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து, கலக்கி, சன்னதியில் போடுவார்கள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொண்டதும் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால்? அங்கேதான் பூம்பாறையின் அனுபவம் பேசும். "சாமி இன்னும் முழிக்கல. மொதப் பூ சாமிய எழுப்புற பூ. அது கணக்குல சேராது" என்று சூடம் காட்டி மறுபடி போடுவார்கள். அதுவும் சிவப்பா? கேட்டவர் சுத்தபத்தமாக வரவில்லை. குளித்துவிட்டு வந்து மூன்றாவது பூ. முதல் பூவே வெள்ளையாக வந்துவிட்டால் மட்டும், சாமி வெள்ளனே எழுந்துவிட்டது என்று பொருள். அப்புறம் யாரும் மறுபடி கேட்பதில்லை.

இரண்டு திரைச்சீலைகளைப் பார்த்த மாத்திரத்தில் பழனிக்குமாருக்கு இது என்னவென்று புரிந்துவிட்டது. பூ கேட்பதுதான். இலைக்குப் பதில் கம்ப்யூட்டர். ஆகவே ஒருவருடைய சுற்று ஐம்பதுக்குக் கீழே போனால், 'இது எழுப்புற சுத்து' என்று அழித்தான். டீ வாங்கிக் கொடுத்தான். மறுபடி உட்கார வைத்தான். வந்த பெண்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மையத்தின் நட்சத்திரம் தேவகுமாரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். இப்போது இங்கே எஸ்டேட் வேலை, கேரட் தோட்ட வேலை, கிடைக்காத நாளில் எதிர்காலம் பார்க்கும் வேலை.

"இன்டைக்கு எனக்கு ஏலாது தம்பி. மூட்டெல்லாம் வலி. இத அழிச்சிப்போட்டு இன்னொருக்காப் போடுங்களேன்," என்பார்.

"போட்டாப் போச்சுக்கா."

தேவகுமாரியின் எழுபத்தொன்றைப் பார்த்துவிட்டு சுவாமிநாதன் மாடியிலிருந்து ஓடி வந்தார். அந்த அம்மாவின் வலது கையைத் தனியாகப் போட்டோ எடுத்து, 'முன்னுணர்வின் இமயம்' என்று தலைப்பிட்டு அறிக்கையில் சேர்த்தார். அந்த எழுபத்தொன்று எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கெட்ட எண் வந்தால்தான் உலகத்தில் விசாரணைக் கமிஷன். நல்ல எண்ணுக்கு மாலை மரியாதைதான்.

அறிக்கை கடல் தாண்டிப் போனது. பதில் வந்தது. மையத்துக்கு இன்னும் மூன்று வருட நிதி. ஊழியருக்குப் பணி நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை: சென்னையிலிருந்து மணியன் என்ற புள்ளிவிவர நிபுணர் புதன்கிழமை வந்து ஒருநாள் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். அவர் 'சரி' என்று எழுத வேண்டும்.

"ஃபார்மாலிட்டி," என்றார் சுவாமிநாதன்.

"பூ கேட்டுரலாம் மாமா," என்று வேலப்பனுக்கு போன் போட்டான் பழனிக்குமார்.

புதன்கிழமை மணியன் வந்து இறங்கினார். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். தலையில் குரங்குக் குல்லா. அதற்குள்ளிருந்து மூக்கும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் ஆராய்ச்சி செய்ய வந்ததுபோல் எட்டிப் பார்த்தன. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பொட்டலம் முறுக்கைப் பிரித்தார்.

"நீங்க பாட்டுக்கு நடத்துங்க. நான் இருக்கறதை மறந்துடுங்க."

கடக்முடக்கென்று ஒருவர் கடித்துக்கொண்டிருந்தால் எப்படி மறப்பது? இருந்தாலும் பழனிக்குமார் நடத்தினான். தேவகுமாரி உட்கார்ந்தார். கும்பிட்டார். தொட்டார். நடுவில் கரண்ட் போய் யூ.பி.எஸ். கீச்சிட்டது, அதையும் தாண்டித் தொட்டார். சுற்று முடிந்தது. திரையில் எண் வந்தது.

நாற்பத்தாறு.

சுவாமிநாதன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எண்ணை மறுபடி படித்தார். பழனிக்குமார் அசரவில்லை.

"சரிக்கா, ஒரு டீயக் குடிச்சிட்டு வெரசா வாங்க," என்றவன், இயல்பாக ஒரு பட்டனைத் தட்டினான். நாற்பத்தாறு மறைந்தது.

முறுக்குச் சத்தம் நின்றது.

"தம்பி, இப்ப என்ன பண்ணீங்க?"

"அழிச்சேன் சார்."

"எதை?"

"இந்தச் சுத்த. இது எழுப்புற சுத்துங்க. கணக்குல சேராது."

"யாரை எழுப்பற சுத்து?"

பாவம், சென்னைக்காரர் என்று பழனிக்குமாருக்குத் தோன்றியது. பொறுமையாக, ஒன்றும் விடாமல் விளக்கினான். வெள்ளை அரளி, செவ்வரளி, வாழை இலை, சூடம், தேவகுமாரி அக்காவின் மூட்டுவலி, இரண்டாவது டீ.

மணியன் குரங்குக் குல்லாவைக் கழற்றினார். அதற்குள் ஒரு முழு வழுக்கை இருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"சேச்சே. மொதல்லயே நல்லா வந்துட்டா எதுக்கு சார் எழுப்பணும்?"

"இந்தத் தொழில்ல எத்தனையோ பேரை விசாரிச்சிருக்கேன் தம்பி," என்றார் மணியன், கிட்டத்தட்ட உருகிப்போய். "இவ்வளவு நேர்மையா ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை."

"முட்டாள்!" சுவாமிநாதன் வெடித்தார். "இது சயின்ஸ்டா! கோயில் இல்லை! உன் இஷ்டத்துக்கு அழிக்கறதுக்கு இது என்ன..."

"சார்," என்று மணியன் மேஜையிலிருந்த பழைய பதிவேட்டைப் புரட்டியபடி அவர் பக்கம் திரும்பினார். "அந்த வெளிநாட்டுப் பசங்களை வெச்சு ஒண்ணு பண்ணீங்களே. அறிக்கையில காணோமே?"

"அது பைலட் ஸ்டடி."

"ரோஜாப்பூ படம் வெச்சுப் பண்ணது?"

"அது... காலிபரேஷன்."

"அதுல அறுபது வந்திருந்தா, அப்பவும் காலிபரேஷன்தானா?"

சுவாமிநாதன் ஜன்னல் வழியே பைன் மரத்தைப் பார்த்தார். மரம் உதவிக்கு வரவில்லை.

"காலிபரேஷன்னா என்னங்க சார்?" என்று பழனிக்குமார் மெதுவாகக் கேட்டான்.

"சாமியை எழுப்பறதுக்கு இங்கிலீஷ்," என்றார் மணியன். பிறகு சுவாமிநாதனிடம் சொன்னார்: "இப்ப நான் உட்கார்ந்து பார்க்கறேன். ஒண்ணையும் அழிக்கக் கூடாது. என்ன கேக்கறோம், எத்தனை தடவை கேக்கறோம்னு முன்னாடியே சத்தமாச் சொல்லிடணும். அப்புறம் வர்றது வரட்டும்."

அன்று முழுக்க நடந்தது. தேவகுமாரி, அவர் கூட வந்தவர்கள், பால் ஊற்ற வந்தவர், வழி தவறி வந்த ஒரு தேனிலவு ஜோடி. தங்க ஆரமும் பிரியாணியும் திரைக்குப் பின்னால் மாறி மாறி வந்துபோயின. கடைசியில் கூட்டிப் பார்த்தால்: நூற்றுக்கு ஐம்பது. ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சுவாமிநாதன் இரண்டு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நிமிடம் நிமிர்ந்தார். முகத்தில் பிரகாசம்.

"மணியன்! சரியா ஐம்பது! கொஞ்சம் முன்னே பின்னேகூட இல்லாம சரியா ஐம்பது வர்றதே சந்தேகமா இல்லே உங்களுக்கு? அவங்க ஆழ்மனசுக்கு ரிசல்ட் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. உங்களை மாதிரி ஓர் அவநம்பிக்கை உட்கார்ந்திருக்கேன்னு வேணும்னே பேலன்ஸ் பண்ணியிருக்காங்க! இதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?"

மணியன் குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சில விஷயங்களைக் காது மூடித்தான் கேட்க முடியும்.

ஜீப் வரைக்கும் பழனிக்குமார் பின்னாலேயே போனான். "சார், மையத்த மூடிருவாங்களா?"

"அறக்கட்டளைக்காரங்க இது மாதிரி பல ஊர்ல வெச்சிருக்காங்க தம்பி. ஐம்பது வந்த எடத்தையெல்லாம் மூடிட்டாங்க. அதுக்கு மேல வந்த எடத்துக்கு மட்டும்தான் பணம்."

பழனிக்குமார் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சீமாட்டியே பெரிய பூவால்ல கேட்டுக்கிட்டு இருக்கு!"

"அதேதான். எனக்கு முன்னாடி ஒருத்தர் இந்த வேலை பார்த்தார். ஒண்ணுமில்லைன்னு எழுதினார். அவரை இப்ப கூப்பிடறதில்லை."

"நீங்க என்ன சார் எழுதப் போறீங்க?"

"ஒண்ணுமில்லைன்னுதான்," என்றபடி ஜீப்பில் ஏறினார் மணியன். "நான் எழுப்பற பூன்னு வெச்சுக்கோயேன்."

சாயந்தர பஸ்ஸில் பழனிக்குமார் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் என்னடா என்று ஒரு வார்த்தை கேட்டார். இவன் ஒன்றும் விடாமல் கொட்டிவிட்டான். "மொதப் பூவக் கழிக்கிறது பித்தலாட்டமாம்ண்ணே. சயின்சுல ஒத்துக்க மாட்டாங்களாம்." பஸ் பூம்பாறைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

ஊரில் பூகம்பம். மூன்றாவது பூவில் முடிந்த கல்யாணங்கள் எத்தனை என்று அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ராக்காயி, அடுப்படியில் உட்கார்ந்திருந்த புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆத்தா மொதல்லயே வேணாம்னுதான் சொல்லியிருக்கா. எங்கய்யாதான் கேக்கல." அந்தப் புருஷன் அன்று தன் தட்டைத் தானே கழுவினான்.

மறுநாள் பழனிக்குமார் சாக்லேட் கடைக்குப் போய் மகாதேவியிடம் சொன்னான்.

"வேல போச்சா?"

"போயிரும்."

"உண்மையவா சொன்ன?"

"அது உண்மைன்னே தெரியாமச் சொல்லிப்புட்டேன்."

அவள் ஒரு பாதாம் சாக்லேட்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். "இனிமே வெள்ளிக்கெழம வரைக்கும் வாயத் தொறக்காத."

வெள்ளிக்கிழமை வந்தது. மாரியம்மன் கோயிலில் பாதி ஊர் கூடியிருந்தது. வேலை போனவனுக்கு வேலப்பன் ஏன் பூ கேட்க வேண்டும் என்றால், கூடப்பிறந்தவள் மகனை உதறுவதற்கு அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாமியைவிட நல்ல சாக்கு எது? கோயிலுக்கு வெளியே டாடா சுமோ நின்றது. அதில் சாய்ந்து குமாரவேல் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் இரண்டு கூடை. முடிவு தெரிந்த மாதிரியே வந்திருந்தான்.

வேலப்பன் கண்ணை மூடினார். மனசுக்குள் கேட்டார். பூசாரி கையை விட்டார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

சிவப்பு!

பழனிக்குமாரின் அம்மா ஐயோ என்று வாயைப் பொத்தினாள். பழனிக்குமார் பாய்ந்து முன்னால் வந்தான். "மாமா, மொதப் பூ..."

"மொதப் பூவுக்கு என்னலே?" வேலப்பனின் மீசை துடித்தது. "பஸ்ஸு பூரா நீதான சொல்லிக்கிட்டு வந்த, மொதப் பூவக் கழிக்கிறது பித்தலாட்டம்னு? சயின்சுலயே இல்லையாம்ல? வந்தது வந்ததுதான். ஆத்தா உத்தரவு குடுக்கல. கெளம்புங்க எல்லாரும்."

ஊரிலேயே ஒருத்தனுக்கு மட்டும் இரண்டாவது பூ இல்லை. அந்தச் சட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவனும் அவனேதான்.

"அப்பா." மகாதேவியின் குரல். "என்னன்னு கேட்டீங்க?"

"என்னன்னா? மனசுலதான் கேட்டேன்."

"அதான் என்னன்னு?"

"பழனிக்குக் குடுக்கலாமான்னு."

"அத இப்பச் சொல்றீங்க. பூவப் பிரிக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்களா? பூசாரியய்யா, ஒங்க காதுல விழுந்துச்சா?"

பூசாரி விளக்கைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலத்தா."

"நானும் மனசுல ஒண்ணு கேட்டேன். 'ஆயக்குடிக்குப் போகட்டா ஆத்தா'ன்னு. வேணாம்னு செவப்பக் குடுத்துட்டா."

கூட்டம் கொல்லென்றது. வெளியே கொய்யா கடிக்கும் சத்தம் நின்றது.

"அது செல்லாது!" என்றார் வேலப்பன்.

"ஏன்? அப்பன் மனசு பேசுனா ஆத்தாளுக்குக் கேக்கும், மக மனசு பேசுனாக் கேக்காதா?"

"வேல வெட்டி இல்லாத பயலுக்கு..."

"மாசம் பொறந்தா எனக்குச் சம்பளம் வருதுல்லப்பா? ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம், ஒரு பூண்டுக் காடு. போதாதா?"

பூசாரி தொண்டையைச் செருமினார். இரு தரப்புத் தட்சிணையும் அவருக்கு முக்கியம். "கேள்வி ரெண்டு, பூவு ஒண்ணு. இது கொழப்பம். மறுக்காக் கேட்டுருவோம். இந்த வாட்டி சத்தமாச் சொல்லிக் கேளுங்க."

"எத்தன வாட்டி?" என்றார் வேலப்பன், எரிச்சலாக.

"ஒரே வாட்டி," என்றது ஒரு குரல். "என்ன வந்தாலும் அதோட முடிஞ்சது."

அது தன் குரல்தான் என்று பழனிக்குமாருக்கு அப்புறம்தான் உறைத்தது. மணியன் வந்து உள்ளே புகுந்து பேசின மாதிரி இருந்தது. மகாதேவி பல்லைக் கடித்தாள். "மூணுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான கூமுட்ட?"

சொன்னது சொன்னதுதான். வேலப்பன் ஊருக்கே கேட்கும்படி முழங்கினார்: "பழனிச்சாமி மகன் பழனிக்குமாருக்கு எம் மக மகாதேவியக் குடுக்கலாம்னா வெள்ள. கூடாதுன்னா செவப்பு. ஒரே தடவ!"

புதுப் பொட்டலம் இரண்டு. கலக்கினார்கள். சன்னதியில் போட்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. பழனிக்குமாரை உள்ளுக்குள் ஏதோ சுண்டி இழுத்தது. இடது! இடது பொட்டலம்தான் வெள்ளை! சந்தேகமே இல்லை. உச்சந்தலை வரைக்கும் மின்சாரம் மாதிரி ஏறியது. மையத்து நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள், 'எடது பக்கம் இழுக்குது தம்பி' என்று! சுவாமிநாதன் சார் சொன்னது அத்தனையும் நிஜம். மனிதனுக்குத் தெரியும். முன்கூட்டியே தெரியும்!

பூசாரியின் கை இடது பக்கம் போனது. தொடப் போனது. சூடப் புகை கண்ணில் பட்டு, முகத்தைச் சுளித்து, கை தடுமாறி, வலது பொட்டலத்தை எடுத்தது.

முடிந்தது கதை. பழனிக்குமார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். சிவப்பு என்று அவனுக்குத் தெரியும். டாடா சுமோ மலையிறங்குவது தெரிந்தது. அதன் பின்கண்ணாடியில் குமாரவேல் பெயருக்குக் கீழே மகாதேவி பெயர் எழுதியிருப்பதும், அதற்கு அடியில் கொய்யாப்பழம் போட்டிருப்பதும் துல்லியமாகத் தெரிந்தது.

குலவைச் சத்தம் காதைக் கிழித்தது.

கண்ணைத் திறந்தான். பூசாரியின் உள்ளங்கையில் வெள்ளை அரளி.

வேலப்பன் விடவில்லை. குனிந்து இடது பொட்டலத்தையும் தானே பிரித்துப் பார்த்தார். செவ்வரளி. சூது வாது எதுவும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டார். ஊரறியச் சத்தமாகச் சொன்னதை ஊர் முன்னால் விழுங்க முடியாது. "சரி, ஆத்தா இஷ்டம்," என்று அக்காள் பக்கம் பார்த்தார்.

இவ்வளவு உறுதியாகத் தெரிந்த ஒன்று இவ்வளவு சுத்தமாகத் தப்பாகிப் போனதற்காக இந்த உலகத்தில் ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டான் என்றால் அது பழனிக்குமார்தான்.

வெளியே சுமோ உறுமிக்கொண்டு கிளம்பியது. போகிற வேகத்தில் ஒரு கூடைக் கொய்யாவை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான் குமாரவேல். கோபத்தில் எறிந்தானா, மரியாதைக்கு வைத்தானா என்று ஊர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பேச்சு முடிவதற்குள் பாதிக் கூடை காலி.

பூம்பாறையில் அபூர்வமாகத் தலைகாட்டும் சிக்னல் அந்த நேரம் பார்த்து வந்தது. பழனிக்குமாரின் போன் அடித்தது. சுவாமிநாதன்.

"பழனி! சீமாட்டி கைவிட்டா என்ன? அமெரிக்காவுல வேற ஒரு சீமான் கிடைச்சிருக்கார்! அது இருக்கட்டும், இன்னைக்குக் காலையில உனக்கு உள்ளுக்குள்ள ஏதாவது தோணிச்சா? பலமா? எனக்கென்னவோ உனக்குத் தோணியிருக்கும்னு தோணிச்சு!"

"தோணுச்சு சார். செவப்புதான் வரும்னு அடிச்சுச் சொல்லிச்சு."

"வந்தது?"

"வெள்ள சார்."

"அபாரம்! எதிர்மறை முன்னுணர்வு! அப்படியே தலைகீழாத் தெரிஞ்சிருக்கு பார்! தலைகீழாத் தெரிஞ்சாலும் தெரிஞ்சதுதானேடா? திங்கக்கிழமை வந்துடு. புது மையம். இதுவரைக்கும் பண்ணது எல்லாம் காலிபரேஷன்!"

"திங்கக்கெழம பூண்டு நடவு சார்," என்றான் பழனிக்குமார். மேற்கே மேகம் கூடுவதா கலைவதா என்று புரியாமல் நின்றது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நட்டா மழை வருமா, வராதா?"

எதிர்முனையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன மச்சான் சொல்றாரு?" என்றாள் மகாதேவி, கொய்யாவைக் கடித்தபடி.

"லைன் கட்டாயிருச்சு," என்றான் அவன்.